தம்பி கொடுத்த முந்திரிக்கொட்டைகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே பட்டன் ஆடுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். நன்றாக இருக்கும் சட்டையை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கோளாறு உள்ள சட்டை ஒன்று தப்பிப் போனால் என் தலைதான் உருளும். பார்த்துப் பார்த்து அதுவே சுபாவமாகிவிட்டது. பால் பாக்கெட்டைக்கூடத் தலைகீழாகப் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். சந்தேகப் பிராணி என்பார் என் கணவர். இருந்துவிட்டுப் போகிறேன். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர் அவர். இருவரில் ஒருவராவது உஷாராக இருக்க வேண்டாமா?

அவர் எஸ்டேட்டை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். லேத் பட்டறையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பண்ருட்டிப் பக்கம். திருமுல்லைவாயிலில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. பின்பக்கம் துணி காயப்போடும் கொடிக்கு அந்தப் பக்கம், மதிலை ஒட்டி, ஒரு மரத்துக்கு இடம் உண்டு. அங்கே முந்திரி போட வேண்டும் என்று நான் நினைத்தது மரத்தின் மேல் இருந்த ஆசையால் இல்லை. வெறும் வீம்பு.

அப்பாவின் முந்திரித் தோப்பில் எனக்கும் பாகம் இருந்தது. தம்பி தன் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்த கையோடு வந்து, தோப்பு முழுவதும் தன் பேரில் இருந்தால்தான் கல்யாணச் செலவுக்கு லோன் எடுக்க முடியும் என்றான். ரிஜிஸ்டர் ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போட்டு முடித்து வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் இனி அந்தத் தோப்பில் எனக்கென்று ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. உனக்கு என்ன வேண்டும் கேள் அக்கா என்றான் தம்பி. கிணற்றடி மரத்துக் கொட்டையில் ஒரு கைப்பிடி கொடு, என் வீட்டில் நட்டு வளர்த்துக்கொள்கிறேன் என்றேன். தோப்பிலேயே பெரிய கொட்டை வைக்கும் மரம் அது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்பாவின் சொத்தில் இருந்து எனக்கென்று ஒரு மரமாவது இருக்க வேண்டும் என்று இருந்தது.

ஆவணியில் கல்யாணம். ஆனி மாதமே பத்திரிகை வைக்க வந்தபோது கொட்டைகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தான். தட்டில் பழம், பூ, பத்திரிகையோடு அந்தப் பையையும் சேர்த்து வைத்துக் கொடுத்தான். நலங்குக்கு முதல் நாளே வந்துவிட வேண்டும், முதல் சந்தனம் உன் கைதான் என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். கல்யாணப் பெண்ணுக்கு நலங்கில் முதலில் சந்தனம் பூசுவது அப்பாவுடன் பிறந்த அத்தை. அத்தை இல்லாமல் நலங்கு நடந்தால், ஊர் முழுக்க அதையே பேசும். அந்தப் பெண் எனக்கு வெறும் தம்பி மகளும் இல்லை. ஆவடியில் காலேஜ் படித்த காலம் முழுக்க எங்கள் வீட்டில்தான் இருந்தாள். என் கையால் தலை பின்னிக்கொண்டு போனவள்.

பையைத் திறந்ததுமே எனக்கு மூக்கில் வேர்த்தது. கொட்டைகள் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தன.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். தம்பி வீட்டு வாசலிலேயே முந்திரி உடைக்கும் கொட்டகை இருக்கிறது. தோப்பில் இருந்து வரும் கொட்டையை வெயிலில் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். உடைப்பதற்கு முன்னால் அதை ஆவியில் வேகவைப்பார்கள். அப்போதுதான் ஓடு லேசாக விடும், பருப்பு முழுசாக வரும். வெந்த கொட்டைக்கும் வேகாத கொட்டைக்கும் பார்வைக்கு அதிக வித்தியாசம் இல்லை. வெந்தது கொஞ்சம் கறுத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் வெந்த கொட்டையைத் தங்கத் தொட்டியில் நட்டாலும் முளைக்காது.

நட்டால் தெரிந்துவிடப்போகிறது என்று பேசாமல் இருந்தேன். தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மிதக்கும் கொட்டை ஆகாது, மூழ்குவதைத்தான் நட வேண்டும். பாதிக்கு மேல் மிதந்தன. நல்ல மரத்துக் கொட்டையில் இத்தனையா மிதக்கும் என்று அப்போதே ஒரு முள் குத்தியது. மூழ்கியதில் ஓடு கீறாமல் இருந்த மூன்றை எடுத்து ஊறவைத்தேன்.

குழி தோண்டியது கணவர். எங்கள் மனை பழைய கட்டடக் கழிவைக் கொட்டி மேடாக்கியது. கல்லும் செங்கல்லுமாக வந்தது. எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு மணலும் எருவும் கலந்து நிரப்பினோம். காம்பு இருந்த பக்கம் மேலே பார்க்கும்படி, கொஞ்சம் சாய்த்து, மூன்றையும் ஒரே குழியில் நட்டேன். முந்திரிக்கு ஆணிவேர்தான் உயிர். ஓர் இடத்தில் முளைத்ததைப் பிடுங்கி இன்னோர் இடத்தில் வைத்தால் பிழைப்பது கஷ்டம். அதனால்தான் ஒரே குழியில் இரண்டு மூன்று போட்டு, நன்றாக வருவதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுவார்கள். பெருச்சாளி தோண்டாமல் இருக்க மேலே பழைய தக்காளிக் கூடையைக் கவிழ்த்து, கூடையின் மேல் கல் வைத்தேன்.

எங்கள் பக்கம் மூன்று வாரத்துக்குள் தலைகாட்டிவிடும். இங்கே மூன்று வாரம் போனது, ஒன்றும் இல்லை. ஷிப்டுக்குக் கிளம்பும் முன்னால் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை கூடையைத் தூக்கிப் பார்ப்பேன். முதலில் பெருச்சாளி மேல் சந்தேகம் வந்தது. கூடை அசையவே இல்லை. அடுத்து எறும்பு. மஞ்சள் பொடி தூவினேன். அடுத்து பக்கத்து வீட்டு ஆள். மரம் வந்தால் தன் செப்டிக் டேங்குக்குள் வேர் போகும் என்று அவர் என் கணவரிடம் ஒரு நாள் முனகியிருந்தார். மதில் மேல் இருந்து சோப்புத் தண்ணீரோ ஆசிட்டோ ஊற்றியிருப்பாரோ என்று மண்ணை எடுத்து மோந்துகூடப் பார்த்தேன். மண் வாசனைதான் வந்தது. எல்லோரையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் கடைசியில் மிச்சம் நின்றவன் தம்பி.

தோண்டிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ஆனால் அதை மட்டும் நான் செய்யவில்லை. கொட்டை மேலே தலைகாட்டுவதற்கு முன்னால் கீழே வேர் விடும். தண்டுக்கீரை மாதிரி பட்டென்று ஒடியும் வேர். சின்ன வயதில் ஆசைப்பட்டுத் தோண்டி அப்பாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். கை துறுதுறுவென்று இருந்தாலும் அடக்கிக்கொண்டேன். ஒரு நாள் விரலை வைத்து லேசாகக் கிளறப் போனபோது, நோண்டாதமே என்று கணவரும் அதட்டினார். என் வாழ்க்கையில் பிரித்துப் பார்க்காமல் நான் பொறுத்திருந்தது அந்த ஒரு குழியைத்தான்.

ஆடி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் தம்பிக்குப் போன் போட்டேன். கல்யாண வேலை எப்படிப் போகிறது, சமையல்காரர் யார் என்று சுற்றி வளைத்துவிட்டுக் கேட்டேன்.

"உண்மைய சொல்லு. வேகவச்ச கொட்டையா எனக்குக் குடுத்த?"

அந்தப் பக்கம் கொட்டகையில் பெண்கள் கொட்டை உடைக்கும் டக் டக் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் ஏங்கா அப்படிச் செய்யப் போறேன்?" என்றான்.

"அப்பா சொத்துல இருந்து எனக்கு ஒரு மரம்கூட வேர் பிடிக்கக் கூடாதுன்னுதான்."

"மண்ணுல போட்டிருக்க இல்ல? முளைச்சா அதுவே சொல்லும். நான் சொல்லி நீ நம்பவா போற?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. நல்லவனாக இருந்தால் கோபம் வந்திருக்க வேண்டுமே. திட்டியிருக்க வேண்டுமே. இப்படி நிதானமாகப் பேசுகிறவன் எதையோ பூசி மெழுகுகிறான் என்றுதான் தோன்றியது. அன்றைக்கே கணவரிடம் சொல்லிவிட்டேன். அது முளைத்தால் நலங்குக்குப் போவேன். முளைக்காவிட்டால் அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். பெண்ணுக்கு வாங்கி வைத்திருந்த பட்டுப் புடவையைப் பீரோவின் அடித்தட்டில் போட்டுப் பூட்டினேன்.

அவர் காதைச் சொறிந்துகொண்டு வெளியே போனார்.

ஆடி கடைசியில் தாம்பரத்தில் இருக்கும் மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. லீவு போட்டுவிட்டுப் போனேன். நான்கைந்து நாள் அங்கே இருந்துவிட்டுத் திரும்பினேன். செருப்பைக் கழற்றியதும் வழக்கம்போலப் பின்பக்கம் போனேன். கூடை இல்லை. குழியில் பச்சையாக ஒரு கன்று நின்றது.

உண்மையைச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். தம்பி என்னை ஏமாற்றவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. மரம், பாகம், கையெழுத்து எதுவும் நினைவில் இல்லை. அவனும் நானும் அந்தக் கிணற்றடியில் பொறுக்கித் தின்ற பழத்தின் துவர்ப்பு நாக்கில் வந்தது.

கணவர் காபி கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் படுத்துக் கிடந்தாலொழிய அவர் காபி போட்டது இல்லை. டம்ளரை வாங்கும்போதே எனக்குள் ஒரு மணி அடித்தது. "பார்த்தியா, வந்துடுச்சு. உன் தம்பி நல்லவன்மே" என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மதிலைப் பார்த்துச் சொன்னார்.

காபியைக் குடித்துக்கொண்டே கன்றின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முந்திரி முளைத்து வரும்போது தன் பருப்பைத் தூக்கிக்கொண்டுதான் வரும். இரண்டு பாதியும் தடித்த காது மாதிரி தண்டின் இரண்டு பக்கமும் பச்சையாக விரிந்து நிற்கும். அது வாடி விழ நாளாகும். இந்தக் கன்றில் அது இல்லை. இலை மட்டும் எக்கச்சக்கமாக இருந்தது. கன்றைச் சுற்றி இருந்த மண்ணும் சிவப்பாக இருந்தது. நாங்கள் நிரப்பியது மணல். வெளியே வந்து கணவரின் ஸ்கூட்டரைப் பார்த்தேன். கால் வைக்கும் இடத்தில் செம்மண் துகள். குப்பைத் தொட்டியைக் கிளறினால் கிழித்த கறுப்புப் பிளாஸ்டிக் பை. திரும்பிப் போய்த் தண்டைக் கீழிருந்து விரலால் தடவினேன். ஒரு ஜாண் உயரத்தில் முடிச்சு தட்டுப்பட்டது. ஒட்டுப் போட்ட தழும்பு. பிளாஸ்டிக் நாடாவின் ஒரு துணுக்குகூட அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொட்டையில் இருந்து வந்த எந்தக் கன்றுக்கும் ஒட்டுத் தழும்பு இருக்காது. முந்திரிக்காட்டில் பிறந்தவளிடம் ஒட்டுக் கன்றைக் காட்டி முளைத்தது என்று சொல்ல, மண்ணூர்பேட்டைக்காரரால்தான் முடியும்.

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க உள்ளே போனேன். அவர் டிவியை அணைத்தார். நான் ஒரு வார்த்தையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே கக்கிவிட்டார். பூந்தமல்லிப் பக்கம் நர்சரியில் முந்திரிக் கன்று கேட்டாராம். இதுதான் சீக்கிரம் காய்க்கும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். சீக்கிரம் காய்த்தால் நல்லதுதானே என்று வாங்கி வந்தாராம். அதில் என்ன தப்பு என்று அப்போதும் அவருக்குப் புரியவில்லை.

"எதுக்கு இந்த நாடகம்?" என்றேன்.

"பொண்ணு நலங்குல குந்திகினு வாசலப் பாத்துகினு இருக்கும். நீ இங்க ஊட்டப் பூட்டிகினு அழுதுகினு இருப்ப. அத என்னால பாக்க முடியாதுமே. அதுக்குத்தான்."

எனக்கு அவர் மேல் வந்த கோபம் பாதியில் நின்றது. மீதிக் கோபம் அப்படியே தம்பி பக்கம் திரும்பியது. இந்த மனிதர் திருட்டுத்தனமாகக் கன்று வாங்கி வந்து நட வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தது யார்? வெந்த கொட்டையைக் கொடுத்தவன்தானே? இனிமேல் எதற்குக் காத்திருக்க வேண்டும்? கொட்டையைத் தோண்டி எடுத்து, உடைத்து, உள்ளே வெந்த பருப்பைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பிவிடுவது என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

கன்றைச் சுற்றிக் கையாலேயே பறித்தேன். முதல் கொட்டை அழுகி நசநசவென்று இருந்தது. தூக்கி எறிந்தேன். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது, கன்றோடு வந்த செம்மண் கட்டிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. கையில் எடுத்ததும் ஓடு பிளந்திருப்பது தெரிந்தது. பிளவு வழியாகத் தண்டு வெளியே வந்து, மேலே எழும்பப் பார்த்து வளைந்திருந்தது. கீழ்ப்பக்கம் வேர், என் விரல் நீளத்துக்கு. அதன் நுனி இல்லை. ஒடிந்த இடம் காய்ந்து பழுப்பாகி இருந்தது.

அது முளைத்திருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் மண்ணைப் பிளந்துகொண்டு வந்திருக்கும்.

கணவர் என் பின்னால் வந்து நின்றார். கையில் இருந்ததைக் காட்டினேன். சிமென்ட் பூசும் கரண்டியால் குழி பறித்தாராம். ஏதோ டக்கென்றதாம். செங்கல் துண்டு என்று நினைத்தாராம். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிப் போய், கடைசியில் மதிலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கொட்டை கொஞ்சம் கறுத்திருந்தது வெயிலில் கிடந்ததாலோ, மரத்தின் வாகோ, எனக்கு இன்றுவரை தெரியாது. வேகவைத்ததால் இல்லை. அது மட்டும் தெரியும்.

மண் கையோடு தம்பிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். ஒரு கையில் அந்தக் கொட்டையை ஏந்திக்கொண்டிருந்தேன்.

"டேய், முளைச்சிருக்குடா" என்றேன்.

"அப்படியாக்கா?" அவன் குரல் துள்ளியது. "எத்தனை இலை விட்டிருக்கு?"

இலை இல்லை என்றேன். மண்ணுக்குள்ளேயே முளைத்திருந்தது, உன் மாமா கரண்டி பட்டு வேர் ஒடிந்துவிட்டது என்றேன். எதற்குக் கரண்டி போட்டார் என்று கேட்டான். வேறு கன்று வைக்க என்றேன். எதற்கு வேறு கன்று என்றான். சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கே அது கட்டுக்கதை மாதிரி கேட்டது. நட்டு எத்தனை நாளாகிறது என்று அவன் கேட்டான். ஒன்றரை மாதத்துக்கு மேலாகிறது என்றேன். முந்திரிக்காரன் அவன். இத்தனை நாள் கழித்து எந்தக் கொட்டையும் முளைக்காது என்று அவனுக்கு மனசில் ஒரு கணக்கு இருக்கிறது. இரு, காட்டுகிறேன் என்று கொட்டையைத் தரையில் வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அந்தி நேரம். போட்டோவில் ஒரு அழுக்கு உருண்டையும் தேங்காய் நார் மாதிரி ஏதோ ஒன்றும்தான் தெரிந்தது.

அவன் பார்த்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது.

"சரிக்கா" என்றான். "முளைச்சுதுன்னே வச்சுக்குவோம். நீ நலங்குக்கு வந்துடு. புள்ள உன்னத்தான் கேக்குது."

"வச்சுக்கிறது இல்லடா. நெசமாவே முளைச்சுது. என் கையில இருக்கு."

"சரிக்கா, சரி. நீ வா."

எனக்கு அந்தச் சரியைத் தெரியும். எதிரே நிற்பவர் பொய் சொல்கிறார் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டு, வம்பு வேண்டாம் என்று விடும்போது நான் சொல்லும் சரி அது. நெசம்டா, நெசமாவே முளைச்சுதுடா என்று போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் எப்போதோ வைத்துவிட்டிருந்தான்.